அசலைத் தொடப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு சம்பளம் போடுங்கள்

ஓய்வுக்காலச் சேமிப்பை நிர்வகிக்கும் நிறுவனங்களுக்கும் நிதி ஆலோசகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். சேமிப்பை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வுபெற்றவர்களில் ஒருவன் எழுதுகிறேன். வேலை பார்த்த காலம் முழுக்கக் கணக்குப் பிரிவில் பேரேட்டோடு உட்கார்ந்திருந்தவன் என்பதால், நீங்கள் அனுப்பும் அறிக்கைகளை வரி விடாமல் படிக்கிற பழக்கம் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் இந்த மடல்.

கடைசியாக வந்த ஆண்டறிக்கையில் மொத்தத் தொகை பெரிய எழுத்தில் இருந்தது. போன வருடத்தைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று பச்சையில் ஓர் அம்புக்குறி. எந்தத் துறையில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறீர்கள் என்று ஒரு வட்டப்படம். நாமினி பெயரைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு குறிப்பு. எல்லாம் சரி. மாதாமாதம் நான் இதிலிருந்து எவ்வளவு எடுத்துச் செலவு செய்யலாம் என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. சேர்க்கிற வயதில் அந்தக் கேள்வி வராது. ஓய்வுபெற்ற மறுநாளிலிருந்து எனக்கு வேறு கேள்வியே கிடையாது.

உதவி எண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். "உங்க தேவைக்கு ஏத்த மாதிரி எடுத்துக்கலாம் சார்" என்றார் எதிர்முனையில் பேசிய பெண். பணிவாகத்தான் சொன்னார். அவருக்குக் கொடுத்திருந்த பதில் அவ்வளவுதான் போல.

உங்களைக் குறை சொல்லும் முன்னால், நாங்கள் உண்மையில் எப்படி முடிவெடுக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் விளம்பரங்களில் தலை நரைத்த தம்பதிகள் கைகோத்துக் கடற்கரையில் நடப்பதைப் பார்த்தால், உங்களுக்கு அது தெரிந்த மாதிரி இல்லை.

எங்களில் பலருக்கு இருப்பது ஒரே விதி. அசலில் கை வைக்கக் கூடாது. வட்டி வந்தால் செலவு செய்யலாம், பங்கு வைத்திருப்பவர்களுக்குக் கம்பெனி தன் லாபத்தில் தருகிற டிவிடெண்ட் வந்தால் செலவு செய்யலாம், வராவிட்டால் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். 'குந்தித் தின்றால் குன்றும் கரையும்' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் குன்று கரைவதைக் கண்ணால் பார்க்கிற துணிச்சல் யாருக்கும் லேசில் வராது.

கணக்கு என்ன சொல்கிறது என்று எனக்கும் தெரியும். ஒரு கம்பெனி டிவிடெண்ட் கொடுத்தால் கிட்டத்தட்ட அந்த அளவுக்குப் பங்கின் விலை இறங்கிவிடும். வரியைத் தள்ளிவைத்துப் பார்த்தால், டிவிடெண்டை வாங்கிச் செலவழிப்பதும் அதே மதிப்புக்குச் சில பங்குகளை விற்றுச் செலவழிப்பதும் ஒன்றுதான். ஆனால் முதலாவதைச் செய்கிறவருக்கு வருமானத்தைச் செலவழித்த நிம்மதி, இரண்டாவதைச் செய்கிறவருக்குச் சொத்தை விற்றுத் தின்ற குற்றவுணர்வு. ஹெர்ஷ் ஷெஃப்ரின், மெயர் ஸ்டாட்மன் என்ற இரு பேராசிரியர்கள் 1984லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கை நீண்டுவிடுமோ என்று பயந்து மனிதர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்ளும் கட்டுப்பாடு இது என்பது அவர்கள் கருத்து. சேர்க்கிற வயதில் நல்ல கட்டுப்பாடுதான். அதை எங்களுக்குப் பழக்கிவிட்டதில் உங்கள் பங்கும் இருக்கிறது. சேர்த்து முடித்தவனிடம் வந்து, இனி அதைத் தளர்த்தலாம் என்று சொல்லத்தான் உங்களில் ஒருவரும் இல்லை.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவருக்குக் காது மந்தமாகிக்கொண்டே வருகிறது. கருவி வாங்க வேண்டுமென்றால் ஒரு வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்னால் உடைக்க வேண்டும். "அடுத்த வட்டி வரட்டும், பார்க்கலாம்" என்கிறார். வட்டி வருகிறது, வீட்டுச் செலவுக்குச் சரியாகப் போய்விடுகிறது. போனில் அவரிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. பேரப்பிள்ளைகள் ஏதாவது சொன்னால் சிரித்துத் தலையாட்டிவிட்டு, என்ன சொன்னார்கள் என்று அப்புறம் மனைவியிடம் கேட்டுக்கொள்கிறார். அவரிடம் இருக்கும் சேமிப்புக்கு அந்தக் கருவியின் விலை ஒரு பொருட்டே இல்லை. கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். வட்டி வந்த மாதங்களில் அவரைப் போல அடுத்தவருக்குச் செலவு செய்கிறவரை நான் பார்த்ததில்லை.

இன்னொரு வகை முடிவு சட்டத்தைப் பார்த்து எடுப்பது. சில நாடுகளில் வரிச்சலுகை பெற்ற ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு இவ்வளவாவது எடுத்தே ஆக வேண்டும் என்று விதி உண்டு. ஆஸ்திரேலியாவில் 65 முதல் 74 வயது வரை 5 சதவீதம். வயது ஏற ஏற அது கூடி, 95ஐத் தொட்டால் 14 சதவீதம். அமெரிக்காவில் இப்போது 73 வயதில் தொடங்குகிறது. முந்தைய ஆண்டு முடிவில் இருந்த தொகையை, அரசு அட்டவணையில் அவரவர் வயதுக்குக் கொடுத்திருக்கும் எண்ணால் வகுக்க வேண்டும். 73 வயதுக்கு 26.5, 80 வயதுக்கு 20.2. அதாவது 3.8 சதவீதத்தில் தொடங்கி 80 வயதில் 5 சதவீதத்தை நெருங்கும். வரிச்சலுகை பெற்ற பணம் அப்படியே வாரிசுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக அரசு வைத்த குறைந்தபட்ச அளவு இது. நிறையப் பேர் இதையே சரியான அளவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலிய அரசு நடத்திய ஓய்வுக்கால வருமான ஆய்வின் அறிக்கை 2020 நவம்பரில் வெளியானது. ஓய்வுபெறும்போது இருந்த சொத்தில் பெரும்பகுதியை அப்படியே வைத்துவிட்டுத்தான் பெரும்பாலோர் இறக்கிறார்கள் என்றது அது. கணக்கை எழுதிய அதிகாரிகளுக்கு அது ஒரு வரி. எனக்குப் படித்தபோது மனசு கனத்தது. எத்தனை காதுக்கருவிகள், எத்தனை பயணங்கள், எத்தனை பல் சிகிச்சைகள் அந்த வரிக்குள் இருக்கின்றனவோ.

மூன்றாவது வகை, கூட வேலை பார்த்தவர் எவ்வளவு எடுக்கிறாரோ அவ்வளவு எடுப்பது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, இந்த வயதானவர்களுக்குப் பயம் அதிகம், கணக்கு தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எத்தனை வருடம் இருப்போம், விலைவாசி எங்கே போகும், சந்தை எப்போது விழும், எந்த வயதில் படுக்கையில் விழுவோம், இவை எதுவும் தெரியாமல், இருக்கிற சேமிப்பை மீதி வருடங்களுக்குப் பிரித்துவைக்கச் சொல்கிற கணக்கு இது. நிதித்துறையிலேயே மிகக் கடினமான, மிக மோசமான சிக்கல் இதுதான் என்று சொன்னவர் வில்லியம் ஷார்ப். 1990ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். அவருக்கே அப்படியென்றால், "உங்க தேவைக்கு ஏத்த மாதிரி" என்று எங்களிடம் தள்ளிவிடுவது என்ன நியாயம்?

உங்களில் ஆன்யுட்டி விற்பவர்கள் இந்த இடத்தில் கையைத் தூக்குவீர்கள். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் வாங்கிக்கொள்வதுதானே ஆன்யுட்டி. வாரிசுக்கு எதுவும் விட்டுப்போகும் எண்ணம் இல்லாதவர், விலை நியாயமாக இருந்தால் சேமிப்பு முழுவதையும் ஆன்யுட்டியாக மாற்றிக்கொள்வதே சிறந்தது என்று மெனாஹெம் யாரி என்ற பொருளியலாளர் 1965ல் நிறுவிக் காட்டினார். ஆனால் தானாக முன்வந்து அதை வாங்குகிறவர்கள் எங்கேயும் குறைவு. பிரிட்டனில் 2015 ஏப்ரல் முதல், சேமிப்பை விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று சுதந்திரம் கொடுத்தார்கள். ஆன்யுட்டி விற்பனை சரிந்துவிட்டது. பொருளியலாளர்கள் இதைப் புதிர் என்கிறார்கள். எனக்கு இதில் பெரிய புதிர் தெரியவில்லை. ஆயுள் முழுக்கச் சேர்த்ததை ஒரே கையெழுத்தில் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு மறுவருடமே போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன ஆவது என்று எவருக்கும் தோன்றும். அவசரத்துக்கு அதை உடைக்க முடியாது. பெரும்பாலான திட்டங்களில் தொகை விலைவாசியோடு ஏறுவதும் இல்லை. இத்தனையும் இருந்தும் அதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து உங்களில் ஆலோசகர்கள் சொல்வது '4 சதவீத விதி'. வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. 1926 முதலான அமெரிக்கச் சந்தைத் தரவுகளை எடுத்துக்கொண்டார். பாதியோ அதற்குச் சற்று மேலேயோ பங்குகளில், மீதி அரசுக் கடன் பத்திரங்களில். முதல் ஆண்டு மொத்தத்தில் 4 சதவீதம் எடுக்க வேண்டும். அடுத்தடுத்த ஆண்டுகளில் விலைவாசி ஏறிய அளவுக்கு அந்தத் தொகையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எந்த வருடம் ஓய்வுபெற்றிருந்தாலும் 30 ஆண்டுகளுக்குப் பணம் தீர்ந்திருக்காது என்று காட்டினார். அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அது ஒரே நாட்டின் கடந்த காலம். அதிலும் மிக மோசமான காலத்தில், 1960களின் பிற்பாதியில் ஓய்வுபெற்றவருக்காக அளந்த சட்டை. மற்றப் பல ஆண்டுகளில் ஓய்வுபெற்றவர்கள் அதே சட்டையைப் போட்டிருந்தால் 30 ஆண்டு முடிவில் தொடங்கியதைவிடக் கூடுதல் தொகையோடு நின்றிருப்பார்கள். பெங்கனே பிற்பாடு இன்னும் சில வகை முதலீடுகளைச் சேர்த்துப் பார்த்து அளவை உயர்த்தினார். நீங்கள் மட்டும் 4 என்பதைக் கல்லில் செதுக்கி வைத்துவிட்டீர்கள்.

சராசரி லாபம் இத்தனை சதவீதம் என்று நீங்கள் காட்டும் வரைபடத்தில் இன்னொரு விஷயமும் மறைந்துபோகிறது. காகிதத்தில் போட்டுப் பாருங்கள். இருவரிடம் ஆளுக்கு 100 இருக்கிறது. ஐந்து ஆண்டுகள், ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 5 எடுக்கிறார்கள். முதலாமவருக்குச் சந்தை வரிசையாக 20 சதவீத ஏற்றம், 10 சதவீத ஏற்றம், ஒன்றுமில்லை, 10 சதவீத இறக்கம், 20 சதவீத இறக்கம். இரண்டாமவருக்கு அதே ஐந்தும் தலைகீழாக. யாரும் எதுவும் எடுக்காமல் இருந்தால் இருவர் கையிலும் 95தான் இருக்கும். வருடம் 5 எடுத்தால்? முதலாமவரிடம் 75, இரண்டாமவரிடம் 65. ஒரே சராசரி, ஒரே சிக்கனம். ஓய்வுபெற்ற முதல் இரண்டு வருடம் சந்தை விழுந்தது என்பதற்காக ஒருவருக்கு இரண்டு வருடச் செலவுத்தொகை காணாமல் போய்விட்டது. சேர்க்கிற காலத்தில் சந்தை விழுந்தால் "மலிவாக வாங்கலாம், பதறாதீர்கள்" என்று சொல்வீர்களே, எடுக்கிற காலத்தில் அந்த அறிவுரை அப்படியே திரும்பிக்கொள்கிறது. விழுந்த விலையில் விற்றுத்தான் அந்த மாதச் செலவு. இதை ஓய்வுபெறுவதற்கு முன்னால் எனக்கு யாரும் சொன்னதில்லை.

அப்படியென்றால் சந்தையைப் பார்த்துச் செலவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் வழி எழுதிவைத்திருக்கிறார்கள். ஜானதன் கைட்டன், வில்லியம் கிளிங்கர் இருவரும் 2006ல் வெளியிட்ட முறை எனக்குப் பிடித்தது. தொடக்கத்தில் 5 சதவீதம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சந்தை விழுந்து, நீங்கள் எடுக்கும் தொகை கையிருப்பில் 6 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், எடுப்பதில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். சந்தை ஏறி அது 4 சதவீதத்துக்குக் கீழே போனால் பத்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளலாம். வேறு நுணுக்கங்களும் உண்டு, சாரம் இதுதான். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று வளர்ந்த யாருக்கும் இது உடனே புரியும். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது கூட்டிக்கொள்ளலாம் என்கிற பாதி. குறைக்கச் சொல்ல ஊரே இருக்கிறது. கூட்டிக்கொள் என்று எழுத்தில் யாராவது சொன்னால்தான் என் நண்பரைப் போன்றவர்கள் கருவி வாங்குவார்கள்.

நீங்கள் ஏன் அதைச் சொல்வதில்லை? கொஞ்சம் கசப்பான பேச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பெரும்பாலோரின் வருமானம் எங்கள் கையிருப்பில் இத்தனை சதவீதம் என்ற கணக்கில் வருகிறது. நாங்கள் எடுத்துச் செலவழித்தால் உங்கள் கட்டணம் குறையும். தொடாமல் வைத்திருந்தால் கூடும். உங்களில் யாரும் கெட்ட எண்ணத்தோடு உட்கார்ந்திருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பயத்தைப் போக்கினால் உங்களுக்கு லாபம் குறைவு என்கிற ஏற்பாட்டில், பயம் போகாமலேயே இருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆண்டுக் கட்டணம் 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் விதிப்படி நான் 4 எடுக்கும்போது நீங்கள் 1 எடுக்கிறீர்கள். என் செலவில் கால் பங்கு. கணக்குப் பிரிவில் இருந்தவனுக்கு இது கண்ணை உறுத்தாமல் இருக்குமா?

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன்.

முதலும் முக்கியமுமான வேண்டுகோள், தொகையைச் சொல்வதோடு நிறுத்தாமல் சம்பளமாகச் சொல்லுங்கள். ஆன்யுட்டியில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது என்றேனே, அது இதுதான். மாதம் பிறந்தால் வருகிற பணத்தைச் செலவழிக்க மனிதனுக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படுவதில்லை. டேவிட் பிளான்செட், மைக்கேல் ஃபின்கே என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இதைத் தரவுகளில் பார்த்திருக்கிறார்கள். ஒரே அளவு சொத்து, ஒருவரிடம் உறுதியான ஓய்வூதியமாகவும் இன்னொருவரிடம் சேமிப்பாகவும் இருந்தால், ஓய்வூதியம் வாங்குகிறவர் கிட்டத்தட்ட இருமடங்கு செலவழிக்கிறார். ஆகவே அசலில் இருந்து விற்று எடுத்தாலும் சரி, வட்டியில் இருந்து எடுத்தாலும் சரி, அது எங்கள் வங்கிக் கணக்கில் மாதத்தின் ஒரே தேதியில், ஒரே பெயரில், சம்பளம் வந்த மாதிரி வரட்டும். எதை விற்றீர்கள் என்பதை அறிக்கையில் விளக்குங்கள், வேண்டியவன் படித்துக்கொள்வான். ஒவ்வொரு மாதமும் எதை விற்கலாம் என்று எங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நாங்கள் எதையும் விற்க மாட்டோம்.

அந்தச் சம்பளத்தை இரண்டு பகுதியாகப் பிரித்துக் காட்டினால் இன்னும் நல்லது. வாடகை, சாப்பாடு, மின்கட்டணம், மருந்து போன்ற நிற்கக் கூடாத செலவுகளுக்கு, அரசு ஓய்வூதியம், தேவைப்பட்டால் சிறிய அளவில் ஆன்யுட்டி என்று எது வந்தாலும் ஆட்டம் காணாத பணம். மீதிச் செலவுகளுக்குச் சந்தையில் இருக்கும் பணம். அது ஏறும் இறங்கும், அந்தக் கூட்டிக் குறைக்கும் விதி இங்கே வேலை செய்யட்டும். எல்லாச் சேமிப்பையும் ஆன்யுட்டியில் போடு என்றால் ஓடிப்போகிறவர்கள், மருந்துச் செலவுக்கு மட்டும் என்றால் உட்கார்ந்து கேட்பார்கள். சிங்கப்பூரில் மத்திய சேமநிதியின் வாழ்நாள் திட்டம் 2009ல் தொடங்கியது. சேமிப்பின் ஒரு பகுதி அதில் போய், 65 வயதிலிருந்து சாகும்வரை மாதாமாதம் வருகிறது. ஆண்டுக்கு 2 சதவீதம் ஏறுகிற மாதிரியும் ஒரு தெரிவு வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல், ஓய்வுநிதியை நிர்வகிப்பவர்கள் தங்கள் உறுப்பினர்கள் எப்படிச் செலவழிப்பது என்பதற்கும் ஒரு திட்டம் வகுத்தாக வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. சட்டம் வரும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டுமா என்ன?

95 வயது வரை ஒரே அளவில் செலவு ஏறிக்கொண்டே போகும் என்று கணிப்பொறியில் போடுவதையும் விடுங்கள். விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், ஓய்வுபெற்றவர்களின் செலவு வயது ஏற ஏற மெல்லக் குறைந்து, கடைசியில் மருத்துவத்தால் மறுபடி கூடுகிறது என்று பிளான்செட் 2014ல் காட்டியிருக்கிறார். எங்களைச் சுற்றிப் பார்த்தாலே தெரிகிற சங்கதிதான். 66 வயதில் படியேறிப் போய்ப் பார்க்கிற இடத்தை 84 வயதில் பார்க்க முடியாது. காலும் கண்ணும் ஒழுங்காக இருக்கிற வருடங்களில் கொஞ்சம் கூடுதலாக எடுக்கலாம் என்று நீங்களே அட்டவணையில் காட்டுங்கள். கடைசிக்கால மருத்துவத்துக்குத் தனியாக ஒரு தொகையை ஒதுக்கி, அதற்குப் பெயரும் வைத்துவிடுங்கள். பெயர் வைத்த பணம் ஓரமாக இருந்தால் மீதியைத் தொடுகிற தைரியம் தானாக வரும்.

கடைசியாக, வயதைப் பற்றி. பணவிஷயத்தில் மனிதர்கள் மிகக் குறைவாகத் தவறு செய்யும் வயது சுமார் 53 என்று 2009ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. அதற்கு மேல் அனுபவம் கூடினாலும் கூர்மை இறங்குகிறது. சேமிப்பை எப்படி எடுப்பது என்ற கடினமான கணக்கை, அந்த வயதைத் தாண்டிப் பத்துப் பதினைந்து வருடம் கழித்து எங்கள் தலையில் வைக்கிறீர்கள், அப்புறம் 80லும் 85லும் வருடாவருடம் போடச் சொல்கிறீர்கள். முடிவுகளை ஓய்வுபெறும் நாளிலேயே எங்களோடு உட்கார்ந்து எடுத்து, தானாக நடக்கும்படி அமைத்துவிடுங்கள். மாற்ற நினைத்தால் மாற்றலாம், ஒன்றும் செய்யாவிட்டால் சம்பளம் வந்துகொண்டிருக்கும்.

அதோடு, பல வீடுகளில் கணக்கு ஒருவர் தலைக்குள்தான் இருக்கிறது, அந்த ஒருவர் முதலில் போய்விடுவதும் உண்டு. ஆகவே கணவன் மனைவி இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, கணக்கே பார்த்திராதவர் படித்தால் புரிகிற மாதிரி ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு வரும், ஒருவர் இல்லாமல் போனால் அது எவ்வளவாகும், அந்த முதல் ஆறு மாதத்தில் எதை விற்கக் கூடாது, எதில் கையெழுத்துப் போடக் கூடாது, எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும். அந்த எண்ணில் பதில் சொல்லப்போகிறவருக்கும் அதே பக்கத்தின் ஒரு நகலைக் கொடுத்துவையுங்கள்.

பதிலை எதிர்பார்க்கும்,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவன்